டர்போ லேக் (மிதித்த பின் டர்போ வேலை செய்ய ஆகும் தாமதம்) கூடிவிட்டது, எங்கே பார்க்க வேண்டும்?

நண்பர்களே, என்னுடையது 1.5 லிட்டர் டீசல் கார், 90 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியது. போன வாரம் கொல்லிமலை ஏறியபோது ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியரில் மிதித்தால் வண்டி மூச்சு வாங்கியது. 2,200 ஆர்பிஎம் தாண்டினால்தான் யாரோ பின்னாலிருந்து தள்ளியது போலப் பாய்கிறது. முன்பெல்லாம் 1,700-லேயே இழுக்கும்.

என்ஜின் புகை குறைவாக வரும்போது, அந்தப் புகையால் சுழன்று என்ஜினுக்குள் காற்றைத் தள்ள உதவும் டர்போவின் டர்பைன் சுற்ற நேரமாகும், சரி. அதற்காகத்தானே வழியை ஒடுக்கி வாயுவை வேகமாகப் பாய்ச்சும் விஜிடி வேன்கள் (டர்போவுக்குள் அசையும் சிறு தகடுகள்) இருக்கின்றன? மெக்கானிக் டர்போவையே மாற்றச் சொல்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விப்பது) ஹோஸ் கிளாம்ப் பக்கம் எண்ணெய்ப் பிசுக்கு. மிதித்தால் ‘உஸ்’ என்று சத்தம். காற்றுக் கசிவா, அல்லது வேன்களில் கரி படிந்து சிக்கியிருக்கிறதா? அப்புறம், வேன்களை அசைக்கும் ஆக்சுவேட்டருக்குப் போகும் வேக்குவம் (காற்று உறிஞ்சும்) குழாயை வீட்டிலேயே சோதிக்க முடியுமா? செக் என்ஜின் லைட் எரியவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள்.