கிரீன்பெல்ட் போய் வந்தது, அப்புறம் இந்தக் கிறிஸ்தவப் பாட்டு விழாக்கள் இனி ஓடுமா என்ற கேள்வி

அண்ணாச்சிமார், அக்காமார், தம்பி தங்கைமார் எல்லாருக்கும் வணக்கம், ஸ்தோத்திரம்.

கிரீன்பெல்ட் விழாவுக்கு வாலிபப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாமா, அங்கே ஆராதனை நடக்கிறதா இல்லை சும்மா கச்சேரி கேட்டு ஆடிவிட்டு வருகிறார்களா என்று மான்செஸ்டர் அண்ணாச்சி போன மடலில் கேட்டிருந்தார். இந்த ஆகஸ்டில் நான் குடும்பத்தோடு போயிருந்ததால் பதில் சொல்லும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் போகலாம், ஆராதனையும் நடக்கிறது, ஆனால் அண்ணாச்சி மனதில் வைத்திருக்கிற மாதிரி ஆராதனை இல்லை. நேரம் இருப்பவர்கள் மேற்கொண்டு படியுங்கள்.

தெரியாதவர்களுக்காக முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசித் திங்கள் இங்கிலாந்தில் வங்கி விடுமுறை, அதை ஒட்டிய வார இறுதியில் நார்த்தாம்ப்டன்ஷயரில் கெட்டரிங் பக்கம் பௌட்டன் ஹவுஸ் என்ற பழைய பிரபு மாளிகையின் புல்வெளியில், கூடாரம் அடித்துத் தங்கி நடத்துகிற கிறிஸ்தவ இசை, கலை விழாதான் கிரீன்பெல்ட். 1974-இல் சஃபோக் பகுதியில் சார்ஸ்ஃபீல்ட் என்ற கிராமத்துப் பண்ணை நிலத்தில் தொடங்கிய விழா. இடம் மாறி மாறி வந்து, 1999 முதல் 2013 வரை செல்ட்னம் குதிரைப் பந்தய மைதானத்தில் நடந்தது, அங்கே கட்டட வேலை வந்ததும் 2014-இலிருந்து இங்கே. அயர்லாந்து ராக் குழுவான யூ2 உலகப் பேர் எடுக்கும் முன்னால் 1981-இல் இதன் மேடையில் வாசித்துவிட்டுப் போயிருக்கிறது. தலை நரைத்த தன்னார்வலர் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் அந்தக் கதைக்கு வந்து சேர்வார்கள்.

அந்தக் காலத்தில் இப்படி ஒரு விழாவுக்கு நியாயமான தேவை இருந்தது. டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் பிசாசின் சாமான் என்று பல சபைகள் உண்மையிலேயே நம்பின. விசுவாசமும் இருந்து கிட்டாரும் பிடிக்கும் பையனைச் சபை உள்ளே விடாது, ரேடியோ அவன் பாட்டைப் போடாது, சாதாரண இசைத்தட்டுக் கடையில் அவன் ரெக்கார்டு கிடைக்காது. 1969-இல் வுட்ஸ்டாக் என்ற பெரிய ராக் விழா நடந்ததைப் பார்த்துவிட்டு, நாமும் ஏன் ஒன்று செய்யக்கூடாது என்று அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் வில்மோரில் ஆஸ்பெரி இறையியல் கல்லூரி ஆட்கள் 1970-இல் இக்தஸ் விழாவைத் தொடங்கினார்கள். 1972-இல் டாலஸில் எக்ஸ்ப்ளோ கூட்டம், பில்லி கிரகாம் பிரசங்கம் பண்ணிய அதே கூட்டத்தில் ஜானி கேஷும் லாரி நார்மனும் பாடினார்கள். வேறு போக்கிடம் இல்லாத பிள்ளைகளுக்கு வருஷத்தில் ஒரு தடவை ஒரு வயல்வெளி கிடைத்தது. அதற்காகவே மழையில் நனைந்தும் போனார்கள்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கதை இலினாய் மாநிலத்துக் கார்னர்ஸ்டோன் விழா. சிகாகோவில் கூட்டுக் குடும்பம் மாதிரி ஒரே கட்டடத்தில் வாழ்ந்த ஜீசஸ் பீப்பிள் என்ற குழு 1984-இல் தொடங்கி, பிறகு புஷ்னெல் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் சொந்தமாக நிலம் வாங்கி நடத்தியது. பங்க், மெட்டல் என்று சத்தமான ராக் வாசிக்கிற, வேறு எந்தக் கிறிஸ்தவ மேடையும் ஏற்றாத குழுக்களை ஏற்றினார்கள். அழைப்பு வராத குழுக்கள் என்ன செய்யும் தெரியுமா, சொந்த ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வழியோரத்தில் மேடை போட்டு வாசிக்க ஆரம்பித்துவிடும். அதை யாரும் விரட்டவில்லை, ஜெனரேட்டர் மேடை என்று அதற்கே ஒரு பெயர் நிலைத்துவிட்டது. பின்னால் பெரிய ஆளான பல குழுக்கள் அந்தப் புழுதியிலிருந்து வந்தவைதான்.

அந்தக் கார்னர்ஸ்டோன் 2012-இல் நின்றுவிட்டது. அதே ஆண்டோடு இக்தஸும் நின்றது, நெதர்லாந்தில் 1978 முதல் நடந்துவந்த ஃப்ளெவோ விழாவும் முடிந்தது. இரண்டு வருஷத்தில் நியூசிலாந்தின் பாராஷூட் விழாவும் கடையைக் கட்டியது. பணக்கணக்கு எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்: பெரிய குழுவுக்கு முன்பணம் கொடுக்க வேண்டும், மேடைக்கும் ஒலிக்கும் கழிப்பறைக்கும் காவலுக்கும் கொடுக்க வேண்டும், ஜனங்களோ வானிலை பார்த்துவிட்டுக் கடைசி வாரத்தில்தான் டிக்கெட் எடுப்பார்கள், ஒரு வருஷம் மழை பிடித்துக்கொண்டால் அடுத்த வருஷத்துக் காசும் சேர்ந்து போய்விடும். ஆனால் கணக்கு மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. விழாக்கள் எதற்காகச் சண்டை போட்டனவோ அதில் ஜெயித்துவிட்டன. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை எந்தச் சபைக்குள் போனாலும் டிரம்ஸ் கூண்டு இருக்கிறது, திரையில் வரிகள் ஓடுகின்றன, புகை மெஷின் வைத்த சபையைக்கூட நான் பார்த்திருக்கிறேன் (அதைப் பற்றித் தனி மடல் எழுதலாம், வேண்டாம்). பிடித்த குழுவின் பாட்டு முழுக்கப் போனில் இருக்கிறது. வாரா வாரம் வீட்டுக்குப் பக்கத்தில் கிடைப்பதற்காக எவன் சேற்றில் கூடாரம் அடிப்பான்?

சரி, பாட்டுக்கே கூட்டம் வராது என்று சொல்கிறேனா என்றால் அதுவும் இல்லை. தெற்கே வெஸ்ட் சசெக்ஸில் 2009-இல் தொடங்கிய பிக் சர்ச் விழா மே மாதம் இன்றும் பெருங்கூட்டத்தோடு நடக்கிறது. பேர்பெற்ற துதிப்பாடல் குழுக்கள், குடும்பம் குடும்பமாக ஜனங்கள், குழப்பமில்லாத நிகழ்ச்சி. அண்ணாச்சி கேட்பது அந்த மாதிரி என்றால் நேராக அங்கே போகலாம். சோல் சர்வைவர் என்ற வாலிபர் முகாம் இயக்கம் 1993-இல் தொடங்கி, வாலிபப் பிள்ளைகளை ஆயிரக்கணக்கில் இழுத்து, 2019-இல் தானாகவே முகாம்களை நிறுத்திக்கொண்டது. பின்னால் அந்த இயக்கத்தைத் தொடங்கியவர் மேல் வந்த புகார்களை இங்கிலாந்துத் திருச்சபை விசாரித்து 2023-இல் அவற்றில் உண்மை உண்டு என்று சொன்னதும் பலருக்கு நினைவிருக்கும். மேடையில் நிற்கும் ஒருவரையே எல்லாரும் அண்ணாந்து பார்க்கிற மாதிரி அமைத்த எந்த விழாவுக்கும் பெற்றவர்கள் இனி இரண்டு தடவை யோசித்துத்தான் பிள்ளையை அனுப்புவார்கள், அதில் தப்பே இல்லை.

இப்போது கிரீன்பெல்டில் நான் பார்த்ததற்கு வருகிறேன். பெரிய மேடைக் குழுக்கள் பரவாயில்லை, அவ்வளவுதான், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் ஜீசஸ் ஆர்ம்ஸ் என்று ஒரு கூடாரம் வைத்திருக்கிறார்கள், பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அது சாராயக் கடை, விழாவின் அதிகாரபூர்வ பப். அங்கே 'பீர் அண்ட் ஹிம்ஸ்' என்று ஒரு நிகழ்ச்சி: ஒருவர் பியானோவைப் போட்டு அடிக்கிறார், நூற்றுக்கணக்கான பேர் கையில் கிளாஸோடு நின்று வெஸ்லி காலத்து ஞானப்பாட்டுகளைத் தொண்டை கிழியப் பாடுகிறார்கள். ஊரில் பெரியவர்கள் யாராவது பார்த்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். நானும் முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓரமாகத்தான் நின்றேன். ஆனால் அங்கே கேட்ட நான்கு குரல் பாட்டு இருக்கிறதே, ஆல்டோவும் டெனாரும் பேஸும் தாமாகவே பிரிந்து நின்று, புத்தகம் பார்க்காமல், கடைசிச் சரணத்தில் வாத்தியத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு வெறும் தொண்டையில் பாடினார்கள், பெரிய கதீட்ரல்களில் சம்பளம் வாங்கும் கொயர் பாடியும் எனக்கு அப்படி உடம்பு சிலிர்த்ததில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளை, சபையில் பாமாலை எடுத்தாலே போனை எடுக்கிற ஆள், இரண்டு மணி நேரம் அங்கிருந்து நகரவில்லை (ஆரஞ்சு ஜூஸ்தான், கவலை வேண்டாம்). காரணம் கேட்டேன். "இங்க யாரும் எனக்காகப் பாடல, நான்தான் பாடுறேன்" என்றாள்.

எனக்குப் பிடிபட்டதும் அதுதான். சம்பளம் கொடுத்துக் கூட்டி வருகிற எதுவும் போனிலும் கிடைக்கும், போனில் இன்னும் நன்றாகவே கேட்கும். தன் வாயைத் திறந்து, பக்கத்தில் நிற்கிற முன்பின் தெரியாத ஆளின் சுருதியோடு சேர்ந்து பாடுவது போனில் கிடைக்காது. ஞாயிறு காலை எல்லா மேடையையும் நிறுத்திவிட்டு மொத்த விழாவும் பெரிய மேடை முன் புல்லில் உட்கார்ந்து, சின்னச் சின்ன வட்டமாக அப்பத்தைப் பிட்டு ஒருவருக்கொருவர் கொடுத்துத் திருவிருந்து எடுக்கிறார்கள். ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், கத்தோலிக்கர், எந்தச் சபைக்கும் போகாதவர், எல்லாம் ஒரே வட்டத்தில். சரியா தப்பா என்று இங்கே ஒரு மாதம் மடல் சண்டை போடலாம். உயிரோடு இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

பேச்சுக் கூடாரங்களும் அப்படித்தான். 2009-இல், தன்பாலின ஈர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொன்ன அமெரிக்க ஆங்கிலிக்கன் பிஷப் ஜீன் ராபின்சனைக் கூப்பிட்டதில் பெரிய கலாட்டா ஆனது, 2018-இல் முஸ்லிம் கலைஞர்களுக்கும் பேச்சாளர்களுக்கும் என்று அமல் என்ற பெயரில் ஒரு கூடாரமே போட்டார்கள். இதெல்லாம் பிடிக்காமல் விலகிப்போன இவாஞ்சலிக்கல் சபைகள் (வேதத்தை இறுக்கிப் பிடிக்கிற சபைகள்) நிறைய. அவர்கள் விலகியதில் கூட்டம் குறைந்தது என்று ஒரு பக்கமும், அந்தத் துணிச்சல் இல்லாவிட்டால் விழாவே மிஞ்சியிருக்காது என்று இன்னொரு பக்கமும் அங்கேயே வாதம் நடக்கிறது. நான் இரண்டாவது பக்கம். வாதம் பண்ண இடம் கொடுத்த விழா நின்றிருக்கிறது என்பதைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

குறை இல்லாமல் இல்லை. கூட்டத்துக்கு வயதாகிவிட்டது. வாலிபத்தில் வந்தவர்கள் இப்போது பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள், நடுவில் இருபது முப்பது வயதுக்காரர்கள் மெலிந்து தெரிகிறார்கள். சில கூடாரங்களில் ஜெபக்கூட்டத்துக்கும் கருத்தரங்குக்கும் வித்தியாசமே தெரியவில்லை, ஒரு பேச்சாளர் முக்கால் மணி நேரத்தில் கடவுள் பெயரை எடுத்த ஞாபகமே எனக்கு இல்லை. இதைவிட என்னை உறுத்தியது நிறம். லண்டனிலும் பர்மிங்காமிலும் ஞாயிறன்று நிரம்பி வழிகிற சபைகள் யாருடையவை? நைஜீரியர், கானாக்காரர், மலையாளி, பிரேசில்காரர், தமிழர். இந்தப் புல்வெளியில் பார்த்தால் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், மேடையில் ஒரு காஸ்பல் கொயர், உணவுக் கடை வரிசையில் நாம். கிறிஸ்தவ இசையில் இந்த நாட்டில் இப்போது எது வளர்கிறதோ அதை வெளியே நிறுத்திவிட்டு, காலத்துக்குப் பொருந்தி நிற்பது எப்படி என்று ஒரு கலந்துரையாடலும் வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கார்னர்ஸ்டோன் நின்ற மறு வருஷமே, 2013-இல், அதன் பழைய ஆட்கள் அதே இலினாய் மாநிலத்தில் அர்பானா ஊர்ச் சந்தை மைதானத்தில் ஆடியோஃபீட் என்று சிறிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். சிறிதாக இருப்பதால் ஒரு பெரிய குழு வராவிட்டால் முழுகிவிடும் என்ற பயம் கிடையாது. என்னைக் கேட்டால் கிரீன்பெல்டும் அந்தப் பக்கம்தான் நகர வேண்டும். பெரிய மேடைக்குப் போகும் காசில் பாதியை எடுத்து, ஜெனரேட்டர் மேடை மாதிரி யார் வேண்டுமானாலும் வந்து பாடலாம் என்று பத்து சின்ன இடம் கொடுக்கட்டும். அதில் எந்த மொழிப் பாட்டும் வரட்டும், எல்லாரும் கூடப் பாட வரிகளை மட்டும் திரையில் போடட்டும். இருநூறு வருஷத்துக்கு முன்னால் தஞ்சாவூரில் வேதநாயக சாஸ்திரியார் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை கட்டிப் பாடியபோது அதுவும் புது இசைதான். அந்தக் கீர்த்தனையை இந்தக் கூடாரத்தில் பியானோக்காரர் பிடித்துக்கொண்டால் எப்படி இருக்கும் என்று திரும்பி வரும்போது கார் முழுக்க இதே பேச்சு.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயம். ரப்பர் பூட்ஸ் இல்லாமல் வராதீர்கள், ஆகஸ்ட் என்று நம்ப வேண்டாம். கூடாரத்தைக் கழிப்பறை வரிசைக்கு ரொம்பப் பக்கத்திலும் அடிக்க வேண்டாம், ரொம்பத் தூரத்திலும் வேண்டாம். சின்னப் பிள்ளைகளுக்கும் வாலிபர்களுக்கும் தனித்தனி நிகழ்ச்சிகள் உண்டு, பொறுப்பாகப் பார்த்துக்கொள்கிறார்கள். டிக்கெட் சீக்கிரம் எடுத்தால் விலை குறைவு.

அடுத்த ஆகஸ்டுக்கு நம் குழுவிலிருந்து நான்கைந்து குடும்பம் சேர்ந்தால், திறந்த மேடை ஒன்றில் நேரம் கேட்டு இப்போதே எழுதிப் போடலாம் என்று நினைக்கிறேன். ஆர்மோனியம் என்னிடம் இருக்கிறது, தபேலா வாசிக்கிற ஆள் வேண்டும். பழைய கீர்த்தனைப் புத்தகம் வைத்திருப்பவர்கள், பல்லவி எளிதாக இருக்கும் பாட்டுகளாகப் பார்த்து, வெள்ளைக்காரரும் கூடப் பாடும்படி ஆங்கில எழுத்தில் அடித்து மாத முடிவுக்குள் எனக்கு அனுப்புங்கள்.