புதுப்பிப்பு: லேண்ட் ரோவரில் இசுசு டீசல், நடுக்கம் நின்றது

பழைய லேண்ட் ரோவர் சீரீஸ் 3-இல் 2.25 லிட்டர் பெட்ரோல் இன்ஜினை எடுத்துவிட்டு இசுசு 4ஜேபி1 டீசலை வைத்ததையும், கிளட்சை விடும்போதெல்லாம் ஒரு நடுக்கம் வருவதையும் முன்பு எழுதியிருந்தேன். இன்ஜினைத் தாங்கும் மவுண்ட் ரப்பரைத்தான் பலரும் சந்தேகப்பட்டீர்கள். அது இல்லை.

இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க, கியர்பாக்ஸை இறக்கி, கிராங்கின் முனையிலுள்ள பிளைவீலில், நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜைப் பொருத்தி, அதன் முனையை கிளட்சை மூடும் கூடான பெல் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பில் வைத்து கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினேன். ஒரு முழுச் சுற்றில் முள் 0.13 மில்லிமீட்டருக்குள் ஆடினால் சரி. இங்கே அதைவிடப் பல மடங்கு ஆடியது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் அடாப்டர் பிளேட்டைக் கடைந்து கொடுத்தவர்கள், இரண்டையும் சரியான இடத்தில் நிறுத்தும் டவல் பின்களுக்கான துளைகளைத் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் புஷ்ஷைக் கழற்றினால், துளை முட்டை வடிவத்தில் தேய்ந்து கிடக்கிறது! மையம் விலகிய ஆஃப்செட் டவல் பின் போட்டு நேராக்கியாயிற்று, புஷ்ஷும் புதிது.

பிரேக்குக்குத் தனியாக வாக்யூம் பம்ப் வேண்டுமா என்று கேட்டவருக்கு: பெட்ரோல் இன்ஜினில், பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் பூஸ்டருக்கான வெற்றிடம் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்தே கிடைத்துவிடும். இந்த டீசலில் காற்றைத் தடுத்து வெற்றிடம் உண்டாக்கும் த்ராட்டில் தகடு கிடையாது, அதனால் வாக்யூம் பம்ப் வேண்டும். அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கிறது; அதற்குப் போகும் ஆயில் குழாயை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அப்புறம், டார்க் (இன்ஜினின் முறுக்கு விசை) கூடிவிட்டதால் இப்போது கவலையெல்லாம் பின் சக்கரங்களைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்டுகள் உடைந்துவிடுமோ என்பதுதான். இழுவை கூடிய லோ ரேஞ்ச் கியரில் பெடலை மெதுவாகவே அழுத்துகிறேன்.