இதய பைபாஸ் அறுவை சிகிச்சை: தேதி குறித்ததிலிருந்து முதல் மூன்று மாதம்

மருந்தாளுநர்:
தேதி கிடைத்ததும் மாத்திரை அட்டைகள் அத்தனையையும் சர்ஜனிடமும் மயக்க மருத்துவரிடமும் காட்டுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள். இல்லையென்றால் ரத்தக்கசிவை அடக்குவது சிரமம். ஆஸ்பிரின் பெரும்பாலும் தொடரும். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் அதை மறக்காமல் சொல்லுங்கள். 3 நாளாவது முன்பே விடாவிட்டால், சர்க்கரை அளவு ஒழுங்காகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம், ஸ்டென்ட் (ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்தவர்கள் கண்டிப்பாகக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட்:
மூச்சுப் பயிற்சிக்குத் தரும் மூன்று பந்துக் கருவியைப் பாதிப் பேர் ஊதுகிறார்கள். அது ஊதுவதற்கல்ல, உறிஞ்சுவதற்கு. மெதுவாக இழுத்து, பந்தை இரண்டு மூன்று விநாடி மேலேயே நிறுத்தி, பிறகு மூச்சை விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு 10 முறை. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கி, சளி தேங்கி, காய்ச்சலில் முடியும். இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள்.

பிளந்த நெஞ்செலும்பைக் கம்பியால் கட்டியிருப்பார்கள். எலும்பு ஒன்றுசேர 6 முதல் 12 வாரம் ஆகும். படுக்கையிலிருந்து எழ ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு எழ வேண்டும். உதவுகிறேன் என்று கையைப் பிடித்து இழுக்கும் உறவினரைத் தடுத்துவிடுங்கள்! தண்ணீர்க் குடம், பேரக்குழந்தை, டூவீலர் எதுவும் இப்போது வேண்டாம். நெஞ்சில் 'கிளிக்' என்று எலும்பு அசைந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

இதயப் பிரிவு செவிலியர்:
இடது நெஞ்சு மரத்துப்போனது போலிருந்தால் பதற வேண்டாம். பைபாஸ் இணைப்புக்காக நெஞ்சுச் சுவரின் உள்தமனியை எடுத்ததால் வருவது, மாதக்கணக்கில் இருக்கலாம். இணைப்புக்காகச் சிரை (ரத்தக்குழாய்) எடுத்த கால் வீங்கும், உட்காரும்போது உயர்த்தி வையுங்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இதயத்துடிப்பு தாறுமாறாவது பலருக்கு வரும். மருந்தில் அடங்கிவிடும், ஆனால் படபடப்பை உடனே சொல்ல வேண்டும்.

அடைப்பு நீங்கிவிட்டது என்று மாத்திரையை விடுவதுதான் பெரிய தவறு. புது வழி போட்டிருக்கிறார்களே தவிர, நோய் அங்கேயேதான் இருக்கிறது. நெஞ்சுத் தமனி இணைப்பு 10 ஆண்டு கழித்தும் பத்தில் ஒன்பது பேருக்குத் திறந்திருக்கும். கால் சிரையோ அந்த அழுத்தத்துக்குப் பழகியதல்ல. அதே காலத்துக்குள் ஏறத்தாழ பாதி அடைத்துவிடும். கொழுப்பு ரிப்போர்ட் நார்மலாக வந்தாலும் ஸ்டாட்டின் (கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை), ஆஸ்பிரின் தொடர வேண்டும். புகை அறவே கூடாது.

தினமும் காலையில் எடை பாருங்கள். ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேல் கூடினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் வார்டுக்குப் போன் செய்யுங்கள்.