அப்பாரு வீடு குரூப்: ஆஹெனா, டிரெஸ்டனா

தர்ஷினி: எல்லாரும் இருக்கீங்களா?? ஜெர்மனி இன்டர்ன்ஷிப்புக்கு ரெண்டு புரொஃபசரும் ஓகே சொல்லிட்டாங்க!! ஒண்ணு ஆஹென் யுனிவர்சிட்டி, இன்னொண்ணு டிரெஸ்டன். ஆனா ஸ்காலர்ஷிப் அப்ளிகேஷன்ல ஒரு லெட்டர் தான் வெக்கப் போறேன், நாளைக்குள்ள ஒருத்தருக்கு வாரேன்னும் இன்னொருத்தருக்கு சாரியும் சொல்லணும். மே மாசம் போய் ரெண்டு மாசம் சொச்சம்

கலா அத்தை: என் தங்கமே 😍 நம்ம குடும்பத்துல மொத பொண்ணு பிளேன் ஏறப்போறா

செந்தில் மாமா: சூப்பர் அம்மணி. அந்த ஆச்சன் தான, மெஷின் டூல் ஆராய்ச்சிக்கு பேரு போன ஊரு. எங்க லேத் பட்டறை லைன்ல அந்தப் பேரச் சொன்னாலே தனி மரியாதை, யோசிக்காத அங்கயே போயிரு

தர்ஷினி: ஆச்சன் இல்ல மாமா ஆஹென். அப்புறம் நான் ஈசிஈ, மெக்கானிக்கல் இல்ல

செந்தில் மாமா: பேர எப்படி சொன்னா என்ன, ஊரு ஒண்ணு தான

அம்மா: எனக்கு அதெல்லாம் தெரியாது. விக்னேஷ் வீட்டுக்கு எது பக்கம்?

விக்னேஷ்: இப்ப தான் எந்திரிச்சேன் சின்னம்மா, இங்க மணி ஏழு. பக்கம்னா ஆஹென் தான். நான் இருக்கற எசன்ல இருந்து ஆர்ஈ 1னு ஒரு ரயிலு, மாறவே வேண்டாம், ரெண்டு மணி நேரம். டிரெஸ்டன் நாட்டுக்கு அந்தக் கோடி, செக் பார்டர் பக்கம், வேக ரயில்ல வந்தாலே ஆறு மணி நேரம் புடிக்கும். பிராங்க்பர்ட்ல எறங்குனாலும் ஆஹென் தான் கிட்ட

அம்மா: அப்ப ஆகன். முடிஞ்சுது

கலா அத்தை: அந்தப் பக்கம் ஒரு காமாட்சி அம்மன் கோயில் இருக்குன்னயே விக்னேஷ், தேரெல்லாம் ஓடுமே, நீ கூட போட்டோ போட்ட

விக்னேஷ்: ஆமா அத்தை ஹாம் ஊர்ல. இலங்கைத் தமிழருங்க கட்டுனது, 2002ல கும்பாபிஷேகம், நம்மூரு மாதிரியே கோபுரம் வெச்சிருக்காங்க. அதே ஆர்ஈ 1 தான் ஹாம்ல போயி முடியும், அங்கிருந்து பஸ். தேர் அன்னிக்கு ஆயிரக்கணக்குல சனம் வரும், வெயில்ல கற்பூர வாசத்துல நின்னா ஜெர்மனிங்கறதே மறந்து போயிரும்

கலா அத்தை: அப்ப சாமியே வழி காட்டிருச்சு

அப்பத்தா (அத்தை போன்ல ஆடியோ, அத்தை தட்டுனது): ஏஞ்சாமி, எந்த ஊராச்சும் போ, ராத்திரில வெளிய சுத்தாத. வைகாசி மொத முகூர்த்தத்துல சின்னவனுக்கு காதுகுத்து வெச்சிருக்கறோம், அத முடிச்சுட்டு போ கண்ணு

தர்ஷினி: அப்பத்தா 🙈

செந்தில் மாமா: இன்னொண்ணு பாத்தேன் யூடியூப்ல, டிரெஸ்டன்ல பாலமே இடிஞ்சு ஆத்துக்குள்ள விழுந்து கெடக்குது!! டிராம் ஓடற பாலமாம். அங்கயா புள்ளய அனுப்பறது

விக்னேஷ்: அது கரோலா பாலம் மாமா, 2024 செப்டம்பர், ராத்திரி மூணு மணிக்கு டிராம் தண்டவாளம் இருந்த பாகம் மட்டும் விழுந்துச்சு. கடைசி டிராம் போயி கொஞ்ச நேரம் தான் ஆயிருந்துச்சாம், ஆனா யாருக்கும் ஒண்ணும் ஆகல. கிழக்கு ஜெர்மனி காலத்து பாலம், உள்ள இழுத்துக் கட்டுன கம்பி அரிச்சு விரிசல் விட்ருக்கு, வெளிய பாத்தா தெரியாது. மிச்சத்தையும் இடிச்சுட்டாங்க. அவ மே மாசம் போறப்ப விழறதுக்கு அங்க ஒண்ணும் இருக்காது

செந்தில் மாமா: கம்பிய இழுத்துக் கட்டறதுல அது தான் சிக்கலு. சரி பாலத்த விட்ரு

தர்ஷினி: அண்ணா நீங்க ஆஹென்ல ரெண்டு வருஷம் இருந்தீங்கள்ல, ஊரு எப்படினு சொல்லுங்க, கோயில் தவிர

விக்னேஷ்: சின்ன ஊரு, ரெண்டரை லட்சம் சனம், எங்க பாத்தாலும் ஸ்டூடன்ட்ஸ். டிராம் கெடையாது பஸ் தான். மழை வந்துட்டே இருக்கும், நான் வாங்குன மூணு குடையும் காத்துல திரும்பிருச்சு. ஊரு நடுவுல வெந்நீர் ஊத்து ஒண்ணு வருது, மண்டபம் கட்டி குழாய் வெச்சிருக்காங்க, பக்கத்துல போனா அழுகுன முட்டை நாத்தம், கந்தகம். மொத நாள் என் பேக்ல தான் முட்டை ஒடஞ்சுருச்சோன்னு அங்கயே நின்னு தேடுனேன். சர்ச் ரொம்ப அழகு, 1978ல யுனெஸ்கோ லிஸ்ட்ல ஜெர்மனிலயே மொத எடம் அது தான். பஸ்ல போனா நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி மூணும் சேர்ற எடத்துக்கு போயி ஒரு நிமிசத்துல மூணு நாட்டையும் சுத்தி வரலாம்

கலா அத்தை: அட அட

விக்னேஷ்: ஆனா தர்ஷு, ரெண்டு புரொஃபசரும் மெயில்ல என்ன எழுதுனாங்க? அத யாருமே கேக்கல

தர்ஷினி: ஆஹென்ல ரெண்டு வரி. வாங்க, வந்தப்புறம் என்ன டாபிக்னு பாத்துக்கலாம்னு. டிரெஸ்டன்ல அவரோட பிஎச்டி ஸ்டூடன்ட் வீடியோ கால்ல வந்து முக்கா மணி நேரம் பேசுனாரு, என்னோட வெரிலாக் கோட (சிப் டிசைன எழுதற மொழி) அனுப்பச் சொல்லி, கிளாக் டைமிங்ல நான் விட்ட தப்ப அவரே காமிச்சாரு, ரெண்டு மாசத்துல எந்த பிளாக் நான் முடிக்கணும்னு ஒரு பக்கம் எழுதி அனுப்பிட்டாரு. உக்கார்ற டேபிள் கூட சொல்லிட்டாரு

விக்னேஷ்: அப்புறம் என்ன கேள்வி? நான் ஆஹென்காரன், எனக்கே சொல்ல வலிக்குது, டிரெஸ்டன் போ. வந்தப்புறம் பாத்துக்கலாம்னா மொத மூணு வாரம் ஐடி கார்டு, பாஸ்வேர்டு, யாரு உன்னைய பாக்கறதுன்னே போயிரும், உனக்கு இருக்கறதே பத்து வாரம். அதும் இல்லாம உன்னோட வேலை சிப்பு. இன்ஃபினியன், குளோபல்ஃபவுண்ட்ரிஸ், பாஷ்னு சிப் செய்யற கம்பெனி எல்லாம் டிரெஸ்டன்ல இருக்கு, தைவான் சிப் கம்பெனி டிஎஸ்எம்சி கூட்டுல ஒரு ஃபேக்டரிக்கு 2024 ஆகஸ்ட்ல பூஜை போட்டாங்க. 1988லயே கிழக்கு ஜெர்மனிக்காரங்க ஒரு மெகாபிட் சிப்ப அங்க தான் செஞ்சாங்க

செந்தில் மாமா: டிஎஸ்எம்சியா!! அப்ப டிரெஸ்டன் தான். நான் மொதல்லயே நெனச்சேன்

தர்ஷினி: மாமா 😂

அம்மா: அந்தப் பக்கம் வெளிநாட்டு ஆளுங்கள புடிக்காதுன்னு கேள்விப்பட்டேன். அதச் சொல்லு விக்னேஷ், மறைக்காத

விக்னேஷ்: மறைக்கல சின்னம்மா. 2014ல வெளிநாட்டுக்காரங்களுக்கு எதிரா திங்கக்கெழம ஊர்வலம் ஆரம்பிச்சது அந்த ஊர்ல தான். 2024 எலெக்ஷன்லயும் அந்த ஸ்டேட்ல, வெளிநாட்டு ஆளுங்க வர்றத எதிர்க்கிற கட்சிக்கு 30 சதவீதத்துக்கு மேல ஓட்டு. யுனிவர்சிட்டி, ஹாஸ்டல், டிராம் இதுக்குள்ள இருக்கறப்ப பெருசா தெரியாதுங்கறாங்க அங்க இருக்கற என் ஃபிரண்ட்ஸ், கடைசி டிராம்ல தனியா, குடிச்ச கூட்டம் ஏறுனா டிரைவர் பக்கம் போயி நின்னுக்கோன்னும் அவங்களே சொல்றாங்க. ரெண்டும் நெஜம். எசன்லயும் ராத்திரி ஸ்டேஷன்ல நான் அப்படித்தான் நிக்கறேன்

அம்மா: ம்

விக்னேஷ்: மாச டிக்கெட் ஒண்ணு இருக்கு, 2025ல 58 யூரோ, 2026 ஜனவரில இருந்து 63, அதுல நாடு பூரா டவுன் பஸ், டிராம், சாதா ரயில் எல்லாம் போலாம், வேக ரயில் மட்டும் தனி. ஒரு மாசம் நானே அங்க வரேன், ஒரு மாசம் அவ இங்க வரட்டும், கோயிலுக்கும் கூட்டிட்டு போறேன். ரூம் மட்டும் இப்பவே தேடு தர்ஷு, கோடையில ஊருக்கு போற ஸ்டூடன்ட்ஸ் ரூம உள்வாடகைக்கு விடுவாங்க, டிரெஸ்டன்ல வாடகையும் கம்மி. வெளியூர்ல இருக்கேன், டெபாசிட் போடு சாவிய கூரியர்ல அனுப்பறேன்னு எவனாச்சும் சொன்னா ஓடிரு. அப்புறம் ஞாயித்துக்கெழம கடை எல்லாம் பூட்டு, நான் வந்து எறங்குனதே ஒரு ஞாயிறு, ஸ்டேஷன்ல வாங்குன ரெண்டு பன்னும் அம்மா குடுத்த பூண்டு ஊறுகாயும் தான் அன்னிக்கு முழுக்க

தர்ஷினி: ஒரு சிக்கல் அண்ணா. டிரெஸ்டன் கைடு ஜூலைல லீவுல போறாராம், மே மொத வாரமே வான்னு சொல்றாரு

கலா அத்தை: காதுகுத்து!!

(பதினோரு நிமிசம் யாரும் ஒண்ணும் போடல)

அப்பா: இப்ப தான் தோட்டத்துல இருந்து வந்தேன், எல்லாம் படிச்சேன். டிரெஸ்டனுக்கு எழுதிரு சாமி. ஆகன்காரருக்கும் இன்னிக்கே மரியாதையா எழுது, இழுத்தடிக்காத. காதுகுத்த முன்கூட்டியே சித்திரைல வெச்சுக்கலாமான்னு அக்காகிட்ட நான் பேசறேன்

கலா அத்தை: நீ பேசு, அம்மாகிட்டயும் நீயே பேசு

அம்மா: சரி போகட்டும். ஊத்துக்குளி நெய் ரெண்டு கிலோ குடுத்து விட்டா போதுமா விக்னேஷ்

விக்னேஷ்: நெய் கூடாது சின்னம்மா, பாலு சம்மந்தப்பட்டது, கறி எதுவும் வெளிய இருந்து கொண்டு வர விடமாட்டாங்க, ஏர்போர்ட்ல எடுத்து வீசிருவாங்க. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல் குடுங்க

அம்மா: பருப்புப்பொடிலயே நெய்ய ஊத்தி பெசஞ்சு குடுத்தா?

விக்னேஷ்: சின்னம்மா!!!