கவுன்சில் வீட்டுக்கு பிட் பண்ணி 2ஆம் இடம் வந்தும் கூப்பிடவில்லை. ‘ஸ்கிப்ட்’ என்று காட்டுகிறது, ஏன்?

தையல்மெஷின்:
வணக்கம். லண்டனில் கவுன்சில் (உள்ளூராட்சி) வீட்டுக்குப் பதிந்து, விளம்பரத்தில் வரும் வீட்டுக்கு விருப்பம் தெரிவித்து பிட் பண்ணுகிறவர்கள் இதை ஒருக்கால் பாருங்கள்.

நாங்கள் நான்கு பேர். நான், கணவர், மகள், மகன். தனியார் வாடகையில் ஒரு படுக்கையறை வீடு. பிள்ளைகளுக்கு அறையை விட்டுவிட்டு நாங்கள் ஹோலில் சோபாவை விரித்துப் படுக்கிறோம். மகன் பிறந்த கையோடு 2019இல் பதிந்தது. பாண்ட் சி (தேவையைப் பார்த்துப் பிரிக்கும் வரிசை), இரண்டு அறை வீட்டுக்குத் தகுதி என்று அப்போதே கடிதம் வந்தது.

எங்கள் கவுன்சிலில் வியாழக்கிழமை வீடுகள் விளம்பரத்தில் வரும், ஞாயிறு நள்ளிரவு மூடும். கிழமைக்கு இரண்டு பிட். இவ்வளவு காலமும் 80, 110 என்றுதான் இடம் காட்டும். போன மாதம் மூன்றாம் மாடியில் லிஃப்ட் இல்லாத ஃபிளாட் ஒன்றுக்கு பிட் போட்டேன். ஞாயிறு இரவு பார்த்தால் 2! தூங்கிய மனிசனை எழுப்பிக் காட்டினேன். திங்களும் செவ்வாயும் போனைக் கையை விட்டு வைக்கவில்லை. ஒருவரும் கூப்பிடவில்லை. புதன்கிழமை இணையத்தில் என் கணக்குக்குள் போனால் ‘ஸ்கிப்ட்’, என்னைத் தாண்டிவிட்டார்களாம். அடுத்த கிழமை இன்னொன்றில் 5ஆம் இடம், அதற்கும் அதே சொல்.

முடிவுகள் போடும் பக்கத்தில் தேடிப் பார்த்தேன். முதல் வீடு பாண்ட் சி, 2021ஆம் ஆண்டுப் பதிவுத் திகதி உள்ள ஆளுக்குப் போயிருக்கிறது. என்னுடையது 2019. எனக்குப் பின்னால் நின்றவருக்கு எப்படிப் போனது? கவுன்சிலுக்குக் கோல் எடுத்து 50 நிமிடம் பாட்டுக் கேட்டதுதான் மிச்சம்.

சும்மாஇருப்பவன்:
எல்லாம் கண்துடைப்பு அக்கா. யாருக்கு என்று முதலே முடிவெடுத்துவிட்டுத்தான் படம் போடுகிறார்கள். நான் மூன்று வருடம் பண்ணிக் களைத்து விட்டுவிட்டேன்.

கவுண்டர்பக்கம்:
தம்பி, அப்படிச் சொல்லிவிட்டுப் போவது லேசு. ஒரு கவுன்சிலின் வீட்டுப் பிரிவில் ஒன்பது வருடம் கவுண்டரில் இருந்தவள் நான். முந்தி அதிகாரி கோப்பைப் பார்த்து ‘உமக்கு இந்த வீடு’ என்பார், ஏன் என்று கேட்க வழியில்லை. நெதர்லாந்தில் டெல்ஃப்ட் என்ற ஊரில் 1990இல் தொடங்கிய முறையைப் பார்த்துத்தான் 2001இல் இங்கிலாந்திலும் பரீட்சித்துப் பார்த்தார்கள். வீட்டை எல்லோருக்கும் காட்டு, விருப்பமானவர் கையைத் தூக்கட்டும், கடைசியில் யாருக்குப் போனதோ அவருடைய பாண்டையும் திகதியையும் போடு. தையல்மெஷின் 2021 என்று கண்டுபிடித்தது அதனால்தானே?

‘பிட்’ என்ற சொல்தான் எங்கள் ஆட்களைக் குழப்புகிறது. இது ஏலம் இல்லை, ஒரு சதக் காசும் இல்லை. முந்தி அமுக்கினவருக்கு முந்தியும் இல்லை. வியாழன் அதிகாலை விழித்திருந்து அமுக்கினாலும் ஞாயிறு இரவு சாப்பிட்டுவிட்டு அமுக்கினாலும் ஒன்றுதான். முதலில் பாண்ட் பார்ப்பார்கள், அதே பாண்டுக்குள் பழைய திகதி முன்னுக்கு. வீடு போதாது என்பது வேறு கதை. 2024 மார்ச்சில் இங்கிலாந்தில் காத்திருப்புப் பட்டியலில் இருந்த குடும்பங்கள் 13 லட்சத்துக்கு மேல்.

தங்கச்சி, ‘ஸ்கிப்ட்’ என்றால் உங்கள் முறை வந்திருக்கிறது, யாரோ உங்கள் கோப்பைத் திறந்திருக்கிறார்கள், ஏதோ ஒன்று பொருந்தாமல் அடுத்தவருக்குப் போயிருக்கிறார்கள். திறக்காத கோப்புக்கு அந்தச் சொல் வராது. விளம்பரத்தில் சின்ன எழுத்தில் என்ன போட்டிருந்தது? 55 வயதுக்கு மேல், சக்கர நாற்காலிக்கு ஏற்றது, ஏற்கெனவே கவுன்சில் வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும், இப்படி ஏதாவது?

தையல்மெஷின்:
ஒன்றுமில்லை அக்கா. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். இரண்டு அறை, மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை, செல்லப்பிராணி கேட்டுத்தான் வளர்க்கலாம். அவ்வளவுதான்.

பழையடெனன்ட்:
வாடகைப் பாக்கி ஏதும்? வருடா வருடம் விண்ணப்பத்தைப் புதுப்பிக்கச் சொல்லி மெயில் வருமே, அதை விட்டுவிட்டீர்களா? என் மைத்துனருக்கு அதுதான் நடந்தது. மெயில் ஸ்பாமில் கிடந்தது, கணக்கை மூடிவிட்டார்கள்.

தையல்மெஷின்:
பாக்கி இல்லை. ஜனவரியில் புதுப்பித்தேன். ‘மாற்றம் எதுவுமில்லை’ என்று டிக் பண்ணி அனுப்பினது நல்ல ஞாபகம்.

கவுண்டர்பக்கம்:
உண்மையாகவே மாற்றம் எதுவுமில்லையா? 2019இலிருந்து அதே வீடா?

தையல்மெஷின்:
வீட்டுக்காரர் பழைய வீட்டை விற்றதால் போன வருடம் அதே தெருவில் நாலு கதவு தள்ளி மாறினோம். அதுவும் ஒரு அறைதான், வாடகைதான் கூட. கவுன்சில் டாக்ஸுக்கு (வீட்டு வரிப் பிரிவுக்கு) அன்றைக்கே சொல்லிவிட்டேன். புது முகவரிக்குத்தான் பில் வருகிறது. அவர்களுக்குத் தெரியும்தானே?

கவுண்டர்பக்கம்:
பிடித்தாயிற்று.

கவுன்சில் டாக்ஸ் பிரிவுக்குச் சொன்னது வீட்டுப் பிரிவுக்குத் தானாகப் போகாது. ஒரே கட்டிடம், ஒரே லிஃப்ட், ஆனால் இரண்டு கம்பியூட்டர். முறை வந்ததும் உங்கள் பெயரைத் தட்டியிருப்பார்கள். விண்ணப்பத்தில் பழைய வீட்டு இலக்கம். கவுன்சில் டாக்ஸில் பார்த்தால் அந்த இலக்கத்தில் இப்போது வேறு ஆள். ‘இவர் அங்கே இல்லை, இட நெருக்கடி இன்னும் உண்டா என்று தெரியாது’ என்று எழுதிவிட்டு அடுத்தவரிடம் போயிருப்பார்கள். உங்களைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் கையில் பத்து வீடும் நாலு நாளும் வைத்திருக்கும் அதிகாரி கேட்பதில்லை. இதை நான் நியாயப்படுத்தவில்லை.

இப்போது செய்ய வேண்டியது: முகவரி மாற்றப் படிவம் இன்றைக்கே போடுங்கள். வாடகை ஒப்பந்தம், கவுன்சில் டாக்ஸ் பில், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், பிள்ளைகளுக்கு அரசாங்கம் தரும் சைல்ட் பெனிபிட் பணத்தின் கடிதம், விசா இருந்தால் அதை ஆன்லைனில் காட்டும் ஈ-விசா ஷேர் கோட். எல்லாவற்றிலும் வீட்டு இலக்கம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் ‘ஃபிளாட் ஏ’, இன்னொன்றில் வெறும் இலக்கம் என்று இருந்தால் அதற்கும் நிறுத்துவார்கள்.

அதோடு தனியாக ஒரு மெயில். ‘என் விண்ணப்பத்தில் எந்த விவரங்களை வைத்து அந்த இரண்டு வீடுகளுக்கும் என்னைத் தாண்டினீர்கள்’ என்று எழுத்தில் கேளுங்கள். 1996ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தில் உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது. பதில் பிழை என்றால் மீளாய்வு கேட்கலாம், பெரும்பாலும் 21 நாளுக்குள். ‘முகவரி மாறினாலும் தேவை மாறவில்லை, 2019ஆம் ஆண்டுத் திகதியை அப்படியே வைக்கவும்’ என்ற வரியை மறக்காதீர்கள். அதைச் சொல்லாவிட்டால் புது விண்ணப்பம் என்று எடுத்து இன்றைய திகதியைப் போட்டுவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள்.

குரோம்பேட்டை2022:
இடையில் ஒரு சந்தேகம், மன்னிக்கணும். நான் ஸ்கில்ட் வொர்க்கர் விசாவில் இருக்கேன், வந்து மூன்று வருஷம். வரி எல்லாம் கட்டுகிறேன். நானும் பதியலாமா?

பழையடெனன்ட்:
முடியாது தம்பி. உங்கள் விசாவில் ‘பொதுநிதி கிடையாது’ என்று இருக்கும். கவுன்சில் வீடும் அதற்குள் அடக்கம். நிரந்தர வதிவிடம் கிடைத்த பிறகு பாருங்கள். அப்போதும் உள்ளூர்த் தொடர்பு கேட்பார்கள். 2011ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அதை ஒவ்வொரு கவுன்சிலும் தானே வகுக்கலாம், சில இடங்களில் ஐந்து வருடம் அங்கேயே இருந்திருக்க வேண்டும். ஆகையால் வீடு மாறினாலும் எல்லை தாண்டாமல் மாறுங்கள்.

குரோம்பேட்டை2022:
சரி, புரிந்தது. நன்றி.

மூன்றுபிள்ளைஅம்மா:
தையல்மெஷின், மகளுக்கு என்ன வயது? ஒருவரும் கேட்கவில்லை.

தையல்மெஷின்:
போன மாதம் 10 முடிந்தது. மகனுக்கு 6.

மூன்றுபிள்ளைஅம்மா:
அப்படியென்றால் முகவரியோடு நிற்காதீர்கள். பத்து வயதுக்கு உட்பட்ட ஆணும் பெண்ணும் ஒரு அறையில் படுக்கலாம் என்று கணக்கு வைத்துத்தான் உங்களுக்கு இரண்டு அறை தந்தார்கள். இப்போது பல கவுன்சில்களில் நீங்கள் மூன்று அறைக் குடும்பம். இருப்பது ஒன்று, குறைவது இரண்டு.

அதைவிடப் பெரியது 1985ஆம் ஆண்டு வீட்டுச் சட்டத்தின் இட நெருக்கடிக் கணக்கு. நான் இதில் அடிபட்டுப் படித்தவள். அந்தச் சட்டத்துக்கு ஹோலும் படுக்கிற இடம்தான், ஆகவே உங்களுக்கு இரண்டு அறை. இரண்டு அறைக்கு அனுமதி மூன்று பேர். ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தை கணக்கில்லை, ஒன்றிலிருந்து பத்துக்குள் அரை ஆள், பத்து முடிந்தால் முழு ஆள். போன மாதம் வரை நீங்கள் இரண்டு பேர், இரண்டு அரை, மொத்தம் 3. சரியாக மட்டுமட்டு. பிறந்தநாள் கேக் வெட்டின அன்றைக்கு 3.5 ஆகிவிட்டது. சட்டப்படியான நெருக்கடி!

டேப்பை எடுத்து அறைகளையும் அளந்து பாருங்கள். 110 சதுர அடியும் அதற்கு மேலும் இரண்டு பேர், 90க்கு மேல் ஒன்றரை, 70க்கு மேல் ஒன்று, 50க்கு மேல் அரை. இரண்டு கணக்கில் எது குறைவோ அதுதான் செல்லும்.

தையல்மெஷின்:
தையல் டேப்பாலேயே அளந்தேன். ஹோல் 13க்கு 10. அறை 11க்கு ஒன்பதரை. அப்போ இரண்டும் ஒன்றரையும், மூன்றரை. மற்றக் கணக்கில் 3. குறைந்தது 3தானே?

ஆனால் ஒரு பயம். நெருக்கடி என்று நாங்களே எழுதிக் கொடுத்தால் வீட்டுக்காரருக்குத் தெரிந்து எழுப்பிவிடுவாரோ? எங்களுக்குக் குற்றமாகுமோ?

கவுண்டர்பக்கம்:
ஓம், 3தான். கணக்குப் பிள்ளை நீங்கள்.

பிள்ளை வளர்ந்ததால் வந்த நெருக்கடியைச் சட்டம் தனியாகப் பார்க்கிறது. நீங்கள் கவுன்சிலிடம் வேறு இடம் கேட்டு விண்ணப்பித்திருந்தால் உங்கள் மேல் குற்றம் இல்லை. வெளியிலிருந்து மாமாவையோ மச்சாளையோ கொண்டுவந்து இருத்தி நெருக்கடி காட்டுகிறவர்களைத்தான் ‘வேண்டுமென்றே நிலைமையைக் கெடுத்தவர்’ என்று கீழே இறக்குவார்கள். வீட்டுக்காரர் விஷயத்தில் மட்டும் அவதானம். கவுன்சில் ஆள் அளக்க வரும்போது அவருக்குத் தெரியவரலாம். அவரோடு உறவு எப்படி என்று உங்களுக்குத்தான் தெரியும். கடிதம் போட முன் ஒரு சட்ட உதவி மையத்திலோ, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ கதைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதைக் கேட்டுவிட்டே படிவத்தை அனுப்புங்கள். பாண்ட் மேலே போனால் பல இடங்களில் திகதி புதிதாகும். பாண்ட் பி கிடைத்தால் 2019 போய், பி கிடைத்த நாள் வரும். கவலைப்பட வேண்டாம், புது ‘பி’ பழைய ‘சி’க்கு முன்னால்தான் நிற்கும். உண்மையான சிக்கல் அறை எண்ணிக்கை. மூன்று அறை வீடு வருவதே அபூர்வம், பட்டியல் கொடூரம். இரண்டு அறைக்கும் பிட் பண்ண விடுவார்களா என்று எழுத்தில் கேளுங்கள். சில கவுன்சில் விடும், சில விடாது.

மூன்றுபிள்ளைஅம்மா:
விட்டால் இரண்டு அறையை எடுங்கள் என்பேன். ஹோலோடு மூன்று அறை ஆகிறது, அனுமதி ஐந்து பேர், மூச்சு விடலாம். முதல் வருடம் முடிந்ததும் வேறு கவுன்சில் குடியிருப்பாளரோடு வீட்டை மாற்றிக்கொள்ளும் வழியும் திறக்கும். வெளியில் நின்றுகொண்டு மூன்று அறைக்குக் காத்திருந்தவர்களில் நானும் ஒருத்தி, ஏழு வருடம். பிள்ளைகள் அதற்குள் வளர்ந்துவிட்டார்கள்.

பழையடெனன்ட்:
விளம்பரத்தில் வாடகை வகையையும் பாருங்கள். ‘சோஷியல் ரெண்ட்’ ஒரு விலை, ‘அஃபோர்டபிள் ரெண்ட்’ என்றால் சந்தை வாடகையில் 80 சதவீதம் வரை போகலாம். பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

தையல்மெஷின் (ஐந்து கிழமைக்குப் பிறகு):
எல்லோருக்கும் சொல்ல வந்தேன். முகவரிதான் காரணம், அக்கா சொன்னது அச்சு அசல். எழுத்தில் பதில் வந்தது: ‘விண்ணப்பதாரர் பதிந்த முகவரியில் இல்லை.’ 2019ஆம் ஆண்டுத் திகதி அப்படியே. போன இரண்டு வீடும் போனதுதான், அதற்கு மன்னிப்பும் இல்லை.

அளக்க ஒருவர் சின்ன லேசர் கருவியோடு வந்தார். ஹோலில் என் டேப்புக்கும் அவர் கருவிக்கும் அரை அங்குலம்தான் வித்தியாசம். வீட்டுக்காரருக்கு முதலே சொல்லியிருந்தோம், முகத்தைச் சுளித்தார், வேறொன்றும் சொல்லவில்லை. போன வெள்ளி பாண்ட் பி கடிதம் வந்தது. மூன்று அறைக்குத் தகுதி, விரும்பினால் இரண்டு அறைக்கும் பிட் பண்ணலாமாம்.

இந்தக் கிழமை ஒன்று ஒன்றாகப் போட்டேன். மூன்று அறை 71ஆம் இடம். இரண்டு அறை 3. நாலாம் மாடி, இதற்கும் லிஃப்ட் இல்லை.

கவுண்டர்பக்கம்:
திங்கள், செவ்வாய் போனை மௌனத்தில் போடாதீர்கள். கவுன்சிலில் இருந்து எடுத்தால் ‘பிரைவேட் நம்பர்’ என்றுதான் விழும். ஏதோ விற்கிறவன் என்று வெட்டிவிட வேண்டாம். பார்க்கக் கூப்பிட்டால் அந்தத் தாள்களின் ஒரிஜினலையும் எடுத்துக்கொண்டு போங்கள்.