ஃபைன்மேனின் ஐஸ் தண்ணீர் சோதனைக்கு எந்த ரப்பர் வாங்குவது?

வணக்கம் நண்பர்களே. அடுத்த வாரம் எங்கள் பகுதி நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அமெரிக்க இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மேன் பற்றிப் பேச ஒப்புக்கொண்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன். 1965இல் அவருக்கு நோபல் வாங்கித் தந்த குவாண்டம் மின்னியக்கவியல் பக்கமே போகப்போவதில்லை, எனக்கே பாதிதான் புரியும்.

நாசாவின் சேலஞ்சர் விண்கல விபத்தின் கதையைச் செய்தே காட்டலாம் என்று ஆசை. 1986 ஜனவரி 28, கடுங்குளிர்; கிளம்பிய 73 விநாடியில் விண்கலம் சிதறி 7 பேர் இறந்தார்கள். விசாரணைக் குழுவில் இருந்த ஃபைன்மேன், ராக்கெட் இணைப்பின் இடைவெளியை அடைக்கப் போடும் ஓ-ரிங் என்ற வளைய ரப்பரின் துண்டை கிளாம்பில் இறுக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீரில் போட்டார். எடுத்துக் கிளாம்பைத் தளர்த்தியதும் ரப்பர் உடனே பழைய வடிவுக்கு வரவில்லை. குளிரில் இடைவெளியை அது அடைக்காது என்பது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இதைவிட நல்ல அறிவியல் பாடம் எனக்குத் தெரியாது.

நேற்று வீட்டில் குக்கர் கேஸ்கட்டை வெட்டி முயன்றேன். அரை மணி நேரம் ஐஸில் கிடந்தும், விட்டதும் துள்ளி நிமிர்ந்துகொண்டது! சிலிக்கோன் ரப்பர் என்பதால் குளிர் உறைக்கவில்லை போலிருக்கிறது. (வீட்டில் திட்டு தனி.)

சேலஞ்சரில் இருந்தது வைட்டான் வகை ரப்பர். மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடையில் கேட்டால் கிடைக்குமா? எத்தனை மில்லிமீட்டர் தடிமன் எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்? செய்து பார்த்த ஆசிரியர்கள், மெக்கானிக் அண்ணன்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்களேன்.