ராத்திரியில் ஓடும் வாஷிங் மெஷின்: தம்பியிடம் கேட்கலாமா, வேண்டாமா?

ஓட்டைக்குடை: நாங்கள் மூன்று பேர், எல்லோரும் முப்பதை நெருங்குகிறவர்கள், ஒரே வீட்டில் சேர்ந்து தங்கியிருக்கிறோம். ஐந்து மாதமாக என் தம்பியும் கூட இருக்கிறான், வயது 17. வந்த புதிதில் குளிக்கப் போவதற்குக்கூட எங்களைக் கேட்டுவிட்டுத்தான் போவான். இப்போது தினமும் ராத்திரி 11 மணிக்கு வாஷிங் மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து போனில் பேசுகிறான். நேற்று திறந்து பார்த்தால் உள்ளே ஒரே ஒரு கைக்குட்டை! மறுமுனையில் கூடப் படிக்கும் பெண், அவன் வயதுதான், அதுவரை தெரியும். கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்கிறேன், நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

கறார்பேர்வழி: இதில் யோசிக்க என்ன இருக்கிறது, கேளுங்கள். நாளைக்கு ஏதாவது என்றால் உங்கள் அம்மா அப்பா அவனையா கேட்பார்கள்? அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், அதுவும் போகிறது.

மொட்டைமாடி: தூக்கக் கணக்கைப் பாதிதான் சொல்கிறீர்கள். பதின்ம வயதில், தூக்கம் வரவைக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரப்பதே தாமதமாகும், உடம்புக் கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும். காதல் இல்லாவிட்டாலும் அவன் 11 மணிக்குக் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டுதான் இருப்பான். நானும் 16 வயதில் இப்படிப் பெரியவர்கள் நடுவே இருந்தவள்தான். போன் அடித்தால் போதும், ஹாலில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன், அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. பிறகு நிஜமாகவே ஒரு சிக்கல் வந்தபோதும் அவர்களிடம் வாயைத் திறக்கவில்லை.

கறார்பேர்வழி: கிண்டல் வேறு, கேட்பது வேறு அக்கா. நான் கிண்டல் பண்ணச் சொன்னேனா?

மொட்டைமாடி: அந்த வீட்டில் ஒருவர் கேட்டால் மூன்று பேரும் கேட்ட மாதிரிதான். மறுநாள் காலையில் பாத்ரூம் வாசலில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பிள்ளை முகத்தை எங்கே வைத்துக்கொள்வான்?

கறார்பேர்வழி: சரி, அந்தப் பெண் வீட்டில் தெரியுமா? அதனால் அவளுக்கு ஏதும் பிரச்சினை வருமா? அதையாவது அண்ணன் தெரிந்துகொள்ள வேண்டாமா?

மொட்டைமாடி: அது நியாயம். ஆனால் வீட்டுக்குள் வைத்துக் கேட்காதீர்கள்.

ஓட்டைக்குடை: இன்று சாயங்காலம் அவனை மட்டும் நடக்கக் கூட்டிப்போனேன். நான் வாயெடுப்பதற்குள் அவனே, "அண்ணா, மெஷின் சத்தம் தொந்தரவா இருக்கா?" என்றான். இல்லைடா என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

கறார்பேர்வழி: போச்சு! கரண்ட் பில் வந்ததும் இன்னொரு முறை நடக்கப் போங்கள்.